[கலைச்சொல்] ‘புல் ரிக்வெஸ்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

செல்லூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். மதுரைக் கல்லூரி மாணவர்களுக்காக, திறமூலத் திட்டம் ஒன்றுக்கு முதன்முதலாக நிரல் கொடுப்பது எப்படி என்று எட்டுப் பக்கக் கையேடு தயாராகிறது. பிராஞ்சுக்குக் கிளை, பக்குக்கு வழு, ரெபாசிட்டரிக்குக் களஞ்சியம் என்று பலவும் சண்டையில்லாமல் முடிந்தன. முட்டி நிற்பது ‘புல் ரிக்வெஸ்ட்’. அப்படியே தமிழெழுத்தில் எழுதினால் மாட்டுக்குப் புல் கேட்பதுபோல் இருக்கிறது. ‘இழுவைக் கோரிக்கை’ என்றால் ரிங் ரோட்டில் நின்றுபோன லாரிக்கு கிரேன் கேட்பதுபோல் இருக்கிறது.

சொல் குறிக்க வேண்டிய வேலை இது: மூலக் களஞ்சியத்தில் எழுத நமக்கு உரிமை கிடையாது. நம் கணக்கில் அதற்கொரு படி எடுக்கிறோம், அதுதான் ஃபோர்க். அந்தப் படியைக் கணினிக்கு இறக்கி, தனிக்கிளை போட்டு, மாற்றத்தைக் கமிட் செய்து (அதாவது பதிவு போட்டு), நம் படிக்கே திரும்பத் தள்ளுகிறோம். இதுவரை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இனிமேல்தான் ‘இந்தக் கிளையில் இருப்பதைப் பார்த்து, சரியென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று பராமரிப்பாளரிடம் சொல்கிறோம். இதற்கு ஒரு பெயர் வேண்டும்.

மேலூரிலிருந்து

> இழுவைக் கோரிக்கை என்றால் … லாரிக்கு கிரேன்

சிரிக்கலாம் தம்பி, ஆனால் ‘இழு’ எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுக் கழிப்போம். நிரலில் நடக்கும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவியான கிட் 2005இல் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதப்பட்டது. அங்கே அவரவர் தம் களஞ்சியத்தில் வேலையை முடித்து வைத்துக்கொண்டு, ‘இங்கிருந்து இழுத்துக்கொள்ளுங்கள்’ என்று அஞ்சல் போடுவார்கள். கிட்டிலேயே ‘ரிக்வெஸ்ட்-புல்’ என்றொரு கட்டளை இருக்கிறது. அது எதையும் எங்கும் அனுப்பாது. அஞ்சலில் ஒட்டத் தோதாக மாற்றங்களின் சுருக்கத்தை எடுத்துக் கொடுக்கும், அவ்வளவுதான். கிட் களஞ்சியங்களை வைத்துக்கொள்ளும் தளமான கிட்ஹப் 2008இல் அந்தப் பெயரை வைத்துக்கொண்டது. ஆக, இழுப்பவர் பராமரிப்பாளர். ‘நான்தானே தள்ளுகிறேன், பிறகெதற்கு இழு?’ என்று புதியவர்கள் விழிப்பது இதனால்தான்.

இதே கையோடு, நாம் படி எடுத்த மூலத்தைக் குறிக்கும் ‘அப்ஸ்ட்ரீம்’ என்பதையும் முடித்துவிடுங்கள். நம் பக்கம் சொல் தயாராக இருக்கிறது: தலைமடை. மூலத் திட்டம் தலைமடை. அதை எடுத்துப் பொதி கட்டித் தரும் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் எல்லாம் கடைமடை. மேலே செய்தது, புதிய பதிப்பை எடுக்கும்போது கீழே வந்துவிடும். கடைமடையில் செய்த திருத்தம் தலைமடைக்குத் தானாக ஏறாது, மேலே இருப்பவர் இறைத்துக்கொண்டால்தான் உண்டு. இதைப் பிடித்துக்கொண்டு புல் ரிக்வெஸ்டுக்கு ‘மடைதிறப்பு’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். மடை வழியே தண்ணீர் கண்மாயை விட்டு வெளியே போகும். உள்ளே வருவது வரத்துக்காலில்.

கே.கே. நகரிலிருந்து

‘இழு’ என்பது ‘கிட் புல்’ கட்டளைக்கு மட்டும் இருக்கட்டும். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேப் இதையே ‘மெர்ஜ் ரிக்வெஸ்ட்’ என்கிறது, நிரலைப் பார்வையிடும் கருவியான கெரிட் வெறுமனே ‘சேஞ்ச்’ என்கிறது. மூன்றுக்கும் பொருந்துகிற சொல்லாகப் பாருங்கள்.

மெர்ஜ், அதாவது ஒரு கிளையை இன்னொன்றோடு ஒன்றாக்குவது, அந்த வழியாகப் போனாலும் மோதல்தான். இணைப்புக் கோரிக்கை: மாநகராட்சியில் குடிநீருக்குக் கொடுப்பது, போதாததற்கு லிங்க், அட்டாச்மென்ட் இரண்டும் ஏற்கெனவே இணைப்பு. சேர்க்கை விண்ணப்பம்: கல்லூரி அட்மிஷன். ‘சேர்ப்பு’ என்று மாற்றினாலும் ‘கிட் ஆட்’ கட்டளைக்குச் சேர் என்றுதான் கையேட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. தறியில் பாவு நூல் பிணைப்பதை நினைத்து ‘பிணைக் கோரிக்கை’ என்றால், ‘கிளையில் பிணைக் கோரிக்கை’ என்ற வரியைப் படிக்கிறவர் ஒத்தக்கடைப் பக்கம் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் யாருக்கோ ஜாமீன் கேட்டிருப்பதாக நினைப்பார்.

திருமங்கலத்திலிருந்து

மதுரைக்காரர்கள் இவ்வளவு பேர் இருந்தும் ‘கூடல்’ யாருக்கும் தோன்றவில்லையா? மெர்ஜ் என்றால் கூடல். மெர்ஜ் கான்ஃப்லிக்ட் என்றால் ஊடல். ஒரே வரியை இருவரும் இருவிதமாக மாற்றி வைத்திருக்கும்போது கிட் முடிவெடுக்காமல் இரண்டையும் ஏழேழு குறிகளுக்கு நடுவே காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறதே, அது ஊடல் அல்லாமல் வேறென்ன?

தெப்பக்குளத்திலிருந்து

திருமங்கலத்து அண்ணே, ஆசை நியாயம்தான். ‘கூடல் கோரிக்கை’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டு இரண்டாமாண்டு வகுப்பை யார் நடத்துவது? (அடுத்து யாராவது நக்கீரரைக் கூப்பிடுவதற்குள் முடித்துவிடலாம்.)

‘மனு’ என்று எழுத நினைத்தேன். நிலுவை, தள்ளுபடி, திரும்பப் பெறுதல் என்று கூடவே வேண்டிய சொற்களெல்லாம் வந்துவிடுகின்றன. ஆனால் இரண்டு காரணங்களால் வேண்டாம். ஒன்று, மனு கேட்பவன் கொடுப்பது. இங்கே மாணவர் வேலையைச் செய்து கொடுக்கிறார். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிற்கிற நினைப்போடு வந்தால், ‘இதை ஏன் இப்படி எழுதினீர்கள்?’ என்ற சாதாரணக் கேள்விக்கே பயந்துபோய்ப் பக்கத்தை மூடிவிடுவார்கள்.

இரண்டாவதுதான் முக்கியம். மனு கொடுத்தால் கொடுத்ததுதான். இது அப்படி அல்ல. திருத்தம் சொன்னால் அதே கிளையில் இன்னொரு கமிட் போட்டுத் தள்ளினால் போதும், திறந்திருப்பதிலேயே அது வந்து சேர்ந்துகொள்ளும். இது தெரியாமல் பழையதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி செய்வது. பேச்சு ஓரிடத்தில், நிரல் ஓரிடத்தில் என்று பிரிந்துபோகும்.

கூட்டங்களில் சொல்கிற ‘முன்மொழிகிறேன்’ இதற்குப் பொருந்தும். முன்மொழிந்ததைத் திருத்தலாம், ஒத்திவைக்கலாம். பார்த்துவிட்டுச் சரி என்பவர் வழிமொழிகிறார். ‘அப்ரூவ்’ என்பதற்கும் சொல் கிடைத்துவிட்டது. ஆகவே:

புல் ரிக்வெஸ்ட், மெர்ஜ் ரிக்வெஸ்ட் – முன்மொழிவு
அப்ரூவல் – வழிமொழிவு
மெர்ஜ் – ஒன்றிணைப்பு
மெர்ஜ் கான்ஃப்லிக்ட் – முரண்

கே.கே. நகரிலிருந்து

முன்மொழிவு நன்று. ஒரு தடை. பைதான் நிரல்மொழியில், மொழியையே மாற்றுவதற்கு ‘பெப்’ ஆவணம் எழுதுகிறார்களே, அதில் வருகிற ‘புரொபோசல்’ என்பதும் முன்மொழிவுதானே? யோசனையை விளக்குகிற ஆவணத்துக்கும் நிரலையே கொடுக்கிற இதற்கும் ஒரே பெயரா?

தெப்பக்குளத்திலிருந்து

அதற்குக் ‘கருத்துரு’. அரசாணைகளில் புழங்குகிற சொல்தான். கருத்துரு பேச்சு, முன்மொழிவு நிரல்.

மேலூரிலிருந்து

வழிமொழிகிறேன்.

ஒன்றை மட்டும் கையேட்டில் தெளிவாக்குங்கள். வழிமொழிந்தாலே ஒன்றிணைந்ததாகாது. பல திட்டங்களில் யார் வேண்டுமானாலும் வழிமொழியலாம். ஒன்றிணைக்கும் பொத்தான் எழுதும் உரிமை உள்ளவருக்குத்தான் தெரியும். தானியங்கிச் சோதனைகள் தோற்றுச் சிவப்பில் நின்றால் அவரும் பெரும்பாலும் தொடமாட்டார்.

செல்லூரிலிருந்து

நன்றி. ‘முன்மொழிவு’ என்றே போகிறது. முதல்முறை மட்டும் பக்கத்தில் ‘புல் ரிக்வெஸ்ட்’ என்று தமிழெழுத்தில் வரும், திரையில் பார்த்து அடையாளம் காண வேண்டுமே. ஐந்தாம் பக்கத்தின் வரைவு கீழே. சொற்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.

“முன்மொழிவை முதன்மைக் கிளையிலிருந்து அனுப்பாதீர்கள். அனுப்பினால், பிறகு வேறு வேலைக்காக அதே கிளையில் போட்டுத் தள்ளும் கமிட்டுகளும் அந்த முன்மொழிவுக்குள்ளேயே போய் விழும். ஒரு வேலைக்கு ஒரு கிளை. தொடங்குமுன் தலைமடையிலிருந்து புதியதை இழுத்துக்கொள்ளுங்கள். பல வாரம் பழைய படியில் வேலை செய்தால் முரண் வரும் வாய்ப்பு கூடும்.

கமிட் செய்யுமுன் ‘கிட் டிஃப்’ கட்டளையை ‘ஸ்டாட்’ விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். திருத்தியது ஒரு வரி, காட்டுவது நானூறு வரி என்றால் பெரும்பாலும் வரிமுடிவுக் குறி மாறியிருக்கிறது: விண்டோஸ் இரண்டு குறி வைக்கும், லினக்ஸ் ஒன்று. அல்லது எடிட்டர் தன் விருப்பத்துக்குக் கோப்பு முழுவதையும் ஒழுங்குபடுத்தியிருக்கிறது. இப்படி வந்த முன்மொழிவில் உண்மையான மாற்றத்தைத் தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

தமிழ் உரை உள்ள கோப்பு என்றால் இன்னொன்று. ‘கொ’ என்பதை க, ொ என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். க, ெ, ா என மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, கிட்டுக்கு வேறு வரி. ஒரே எழுத்தை ஒரே விதமாக எழுதவைக்கும் யூனிகோடு என்.எஃப்.சி. ஒழுங்குக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். ‘கௌ’ என்பதன் கடைசிக் குறிக்குப் பதில் ள என்ற எழுத்தைத் தட்டியிருந்தால் அந்த ஒழுங்கும் காப்பாற்றாது, கையால்தான் திருத்த வேண்டும்.”

திருமங்கலத்திலிருந்து

ஓடுகிறது. தமிழில் பெயர் வைத்த கோப்புகள் ‘கிட் ஸ்டேட்டஸ்’ பட்டியலில் பின்சாய்கோடும் எண்களுமாக வரும், கோப்பு கெட்டுவிட்டதென்று பதறுவார்கள். கிட்டின் ‘கோர் டாட் குவோட்பாத்’ அமைப்பை அணைத்துவிட்டால் தமிழிலேயே தெரியும். அதையும் அந்தப் பக்கத்தில் போடுங்கள்.

முரணுக்கு அடைப்புக்குறிக்குள் ஊடல் என்று போட இடமிருக்குமா?

தெப்பக்குளத்திலிருந்து

இடம் இல்லை அண்ணே.