டெரகோட்டா ஜிமிக்கி சுடும்போது வெடிக்கிறது, வழி சொல்லுங்கள்

அக்கா, தங்கைகளுக்கு வணக்கம். விழுப்புரத்தில் வீட்டிலேயே டெரகோட்டா நகை செய்து, செட் 150 ரூபாய்க்கு விற்கிறேன். ஒரு வருஷம் தொந்தரவே இல்லை. ஐப்பசி மழை பிடித்த பிறகு 3 தடவை சூளை வைத்தேன். மூன்றிலும் ஜிமிக்கி வெடித்துவிட்டது. தகர டப்பாவில் உமி போட்டு, சுற்றிலும் வரட்டி அடுக்கித்தான் சுடுகிறேன். அரை மணி நேரத்துக்குள் 'டப்'பென்று சத்தம். ஆறியதும் திறந்தால் குடை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, உள்பக்கம் கறுப்பாக. தட்டையான பதக்கங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நிழலில் 5 நாள் உலர்த்தினேன். காற்றுக்குமிழ் போக மண்ணை அழுத்திப் பிசைந்தேன், மண்ணையே மாற்றியும் பார்த்தேன். தீயைக் குறைத்தால் வேகாமல் தண்ணீரில் கரைகிறது. கார்த்திகைக்குள் 20 செட் கொடுக்கணும், முன்பணமும் வாங்கியாச்சு.

வெயிலே இல்லாத நாளில், சூளைக்கு முன் ஜிமிக்கியின் ஈரத்தை முழுக்கப் போக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள்?