பாதாம் தோப்பில் மூடுபயிர்: நீரும் அறுவடையும் தடையாகுமா?

வரப்போரம் (கேள்வி):

வணக்கம். காய்ப்புப் பருவத்தை எட்டிய வணிகப் பாதாம் தோப்பு ஒன்றின் பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். மரவரிசைகளுக்கு இடைப்பட்ட நிலத்தைக் களைக்கொல்லி தெளித்து வெறுமையாக வைத்திருப்பதே இதுவரையிலான வழக்கம். மேல்மண் இறுகி மழைநீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடுவதால், குளிர்காலத்தில் கடுகு, பயறு, புல்வகைகளைக் கலந்து மூடுபயிராக (அறுவடைக்காக அன்றி, மண்ணைப் போர்த்தி வைப்பதற்காக வளர்க்கும் பயிராக) விதைக்கலாமா என்று யோசிக்கிறோம். மூடுபயிர் மரத்துக்குரிய நீரைக் குடித்துவிடுமோ என்ற தயக்கம் ஒருபுறம். மரத்தை உலுக்கிக் காய்களைத் தரையில் வீழ்த்திக் கூட்டி அள்ளும் எங்கள் முறைக்குக் காய்ந்த தண்டுகள் இடைஞ்சலாகுமோ என்ற தயக்கம் மறுபுறம். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஈரமானி:

நீரைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் பயிர் எந்த மாதங்களில் நிற்கிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும். கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் நடந்த கள அளவீடுகளில், குளிர்கால மூடுபயிர் நின்ற நிலத்துக்கும் வெற்று நிலத்துக்கும் இடையே நீரிழப்பில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. குளிரில் இலைகள் நீராவியாக வெளிவிடுவது குறைவு. வெற்று நிலமும் ஈரத்தை இழந்துகொண்டுதான் இருக்கிறது. மேலும், வேர்கள் துளைத்த மண்ணில் மழைநீர் ஓடிவிடாமல் இறங்குகிறது. வெயில் ஏறிய பிறகும் வெட்டாமல் விட்டால் இந்தக் கணக்கு முற்றிலும் மாறிவிடும். குளிர்கால மழை மிகக் குறைவாகப் பெய்து, மூடுபயிரையே பாசனம் செய்து வளர்க்க வேண்டிய நிலத்துக்கும் இம்முடிவைப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

கிளைநுனி:

மேலே சொன்னதுடன் உடன்படுகிறேன். எனினும் உறைபனியை யாரும் குறிப்பிடவில்லை. பாதாம் குளிர் முழுமையாக விலகுமுன்னரே பூப்பது. நெட்டையாக வளர்ந்த மூடுபயிர் பகல் வெப்பம் மண்ணில் சேராமல் தடுப்பதால், ஈரமான வெற்று மண்ணைவிட அத்தகைய தோப்பு இரவில் கூடுதலாகக் குளிரும். உறைபனி விழும் இடமானால் பூக்கும் தருவாயில் அதைக் குட்டையாக வெட்டிவிடுவதே பாதுகாப்பு. இங்கே ஒரு முரண் எழுகிறது: பெரும்பாலான பாதாம் ரகங்கள் தம் மகரந்தத்தால் காய்ப்பதில்லை, தேனீக்களை நம்பியே இருக்கின்றன, பாதாமுக்கு முன்பே பூக்கும் கடுகு, அத்தேனீக்களுக்கு நல்ல உணவு. ஆகவே தாழ்வான, குளிர் தேங்கும் பகுதியை வெட்டி, மேட்டுப் பகுதியில் பூக்க விடலாம். மூடுபயிர் பூத்திருக்கும்போது பூச்சிக்கொல்லி தெளிக்கவே கூடாது.

உலர்களம்:

அறுவடையைப் பொறுத்தவரை, வசந்தத்தில் உரிய காலத்தில் வெட்டிப் பொடித்தால் தண்டுகள் மட்குவதற்கு அவகாசம் கிடைக்கும். பயறுவகைத் தண்டு விரைவில் மட்கும். முற்றிய புல்லும் கடுகும் தாமதிக்கும். எனவே, கலவையில் புல்லின் பங்கைக் குறைப்பது உங்கள் அறுவடை முறைக்கு ஏற்றது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, அறுவடைக்குப் பின் மரத்திலேயே வற்றித் தங்கும் காய்கள். பாதாம் பருப்பைத் துளைத்துத் தின்னும் நேவல் ஆரஞ்சுப் புழு (ஓர் அந்துப்பூச்சியின் புழு) குளிர்காலத்தைக் கழிப்பது அவற்றுக்குள்தான். மரத்துக்கு இரண்டுக்கு மேல் தங்காதபடி உலுக்கி வீழ்த்தி, புழு அந்துப்பூச்சியாக வெளிவருமுன் இயந்திரத்தால் நொறுக்கிவிட வேண்டும் என்பது கலிபோர்னியாவில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வழிகாட்டுதல். ஈரமான தாவரப் போர்வையின் மேல் விழுந்த காய்கள் அழுகிப் புழுக்கள் மடிவது கூடுதல் ஆதாயம். புழு துளைத்த பருப்பில் அஃப்லாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும் பூஞ்சை எளிதில் நுழையும். நேரடியாக உண்ணும் பாதாமுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்துள்ள மொத்த அஃப்லாடாக்சின் வரம்பு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்தான் என்பதால், இது விளைச்சலோடு முடிகிற பிரச்சினை அன்று. பெண் அந்துப்பூச்சியின் இனக்கவர்ச்சி மணத்தைத் தோப்பில் பரப்பி, அவை இணைசேர்வதைக் குழப்புவதும் பயனளிக்கிறது. ஆனால் வற்றிய காய்களை அகற்றாத தோப்பில் அதற்குச் செலவிடுவது வீண்.

வரப்போரம்:

மூவருக்கும் நன்றி. பயறுவகை மூடுபயிர் தரும் தழைச்சத்தை உரக் கணக்கில் கழித்துக்கொள்ளலாமா? முதலில் சில வரிசைகளில் மட்டும் சோதித்துப் பார்ப்பது சரியாகுமா?

ஈரமானி:

முதல் ஆண்டில் கழிக்க வேண்டாம். 1,000 கிலோ பாதாம் பருப்பு விளையும்போது காய்களோடு ஏறக்குறைய 68 கிலோ தழைச்சத்து தோப்பைவிட்டு வெளியேறுகிறது. எதிர்பார்க்கும் விளைச்சலை இதனோடு பெருக்கி, தவணைகளாக இடுங்கள். கோடையில் இலைப் பரிசோதனை செய்து, முடிவு மிகுதி காட்டினால் அடுத்த ஆண்டு குறைக்கலாம். மிகையான தழைச்சத்து மேலோட்டு அழுகலை (காயின் வெளி ஓடு பூஞ்சையால் அழுகும் நோயை) தூண்டும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். மேலோடு வெடிக்கும் தருணத்தில், அழுத்தக் கலன் என்ற கருவியால் தண்டின் நீரழுத்தத்தை அளந்து −14 முதல் −18 பார் வரை மிதமான வறட்சியில் மரத்தை வைத்திருந்தால் அவ்வழுகலும் குறையும், நீரும் மிச்சமாகும்.

சோதனையைப் பொறுத்தவரை, ஒன்றுவிட்டு ஒரு வரிசையாக விதைத்துவிடாதீர்கள். மகரந்தச் சேர்க்கைக்காகப் பாதாம் ரகங்களை வரிசை மாற்றி நடுவதால், நீங்கள் ஒப்பிடுவது மூடுபயிராக இராமல் ரக வேறுபாடாக ஆகிவிடும். அடுத்தடுத்த பல வரிசைகளை ஒரு தொகுதியாகக் கொண்டு, மூடுபயிர்த் தொகுதியும் வெற்றுத் தொகுதியும் மாறி மாறி வருமாறு அமைத்து, ஒவ்வொன்றிலும் நடுவில் உள்ள ஒரே ரக வரிசையின் காய்களைத் தனியே எடைபோடுங்கள். ஓரத்து வரிசைகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.