புதுப்பிப்பு: தம்பி அடித்த அடி, ஜெயிலா?

பார்க்கிங் தகராறில் தம்பி குத்தியதில் பக்கத்து வீட்டுக்காரரின் முன்பல் உடைந்தது, ஜெயிலுக்குப் போவானா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஒரு பல்தானே என்று நினைத்திருந்தேன். வக்கீல் காயச் சான்றிதழைப் பார்த்ததுமே தலையை ஆட்டினார். எலும்போ பல்லோ முறிந்தாலே சட்டத்தில் அது கொடுங்காயமாம். பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 117(2), 7 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. வெறும் வீக்கம் என்றால் 115(2), அதிகபட்சம் 1 ஆண்டு. கையில் கம்பியோ கத்தியோ இருந்திருந்தால் 118, கதையே வேறு.

117(2) ஜாமீனில் விடக்கூடிய பிரிவு. இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட, அன்று இரவே ஸ்டேஷனிலிருந்து வந்துவிட்டான். அம்மா அதுவரை சாப்பிடவில்லை.

சமாதானமாகப் போகலாம், ஆனால் அடிபட்டவர் சம்மதித்து, கோர்ட்டும் அனுமதிக்க வேண்டும். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். உதட்டில் தையல் இன்னும் பிரிக்கவில்லை, கஞ்சிதான் குடிக்கிறார். வழக்கைப் பற்றி வாய் திறக்க மனசு வரவில்லை. பல் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.