சர்ஃபிங், விண்ட்சர்ஃபிங், கைட்சர்ஃபிங்: மூன்றுக்கும் ஒரே கடற்கரை போதுமா?

கேள்வி: அண்ணாநகர்க்காரன்
கோவளத்தில் சர்ஃபிங் வகுப்புக்குப் போய், பலகையில் எழுந்து நிற்கிற அளவுக்கு வந்தாச்சு. ஜூலையில் ஒரு வாரம் லீவு. கூட வருகிறவர்களில் ஒருத்தருக்கு கைட் (கயிற்றில் கட்டிய பெரிய பட்டம் இழுக்க, பலகையில் போவது) மேல் ஆசை, இன்னொருத்தருக்கு விண்ட்சர்ஃபிங் (பலகையிலேயே பாய் பொருத்திப் போவது). எல்லோரும் ஒரே இடத்தில் தங்கிவிடலாம் என்று பார்த்தால், ராமேஸ்வரம் போ என்கிறார் ஒருத்தர், மாமல்லபுரமே போதும் என்கிறார் இன்னொருத்தர். காற்று பலமாக இருக்கிற ஊரில் அலையும் நன்றாகத்தானே இருக்கும்? எதைப் பார்த்து முடிவு செய்வது?

பதில்: ஈசிஆர்_அலை
அந்தக் கடைசி நினைப்பை முதலில் விடுங்கள். சர்ஃபிங்குக்கு வேண்டிய நல்ல அலை நம்ம ஊர்க் காற்றில் பிறப்பதில்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடிக்கிற புயல்காற்றில் கிளம்பி, நாள்கணக்கில் பயணம் செய்து வருகிறது. கரையில் காற்று கடலிலிருந்து வீசினால் அந்த அலையையும் கலைத்துப் போட்டுவிடும். ஜூலையில் சென்னைப் பக்கம் காலையில் மேல்காற்று, அதாவது நிலத்திலிருந்து கடலுக்கு. அலை சீராக நின்று உடையும். மதியம் கடல்காற்று ஏறியதும் ஒரே குழப்பம். அதனால் கோவளம், மாமல்லபுரம் இரண்டிலும் விடிந்ததும் இறங்கிவிட வேண்டும். விண்ட்குரு மாதிரிக் காற்று, அலை முன்னறிவிப்புத் தளங்களில் அலையின் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி விநாடிக் கணக்கில் இருக்கும். 12 விநாடி என்றால் தூரத்திலிருந்து வந்த நல்ல அலை, 5 விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சிலுசிலுப்பு.

ராமேஸ்வரத்தில் கதையே வேறு. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், தெற்கிலிருந்து வருகிற அலையை இலங்கை மறித்துக்கொண்டு நிற்கிறது, பாக் நீரிணையோ ஆழம் குறைவு. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று நன்றாக இருக்கும், தண்ணீர் குளம் போலக் கிடக்கும். கைட் கற்க அருமையான இடம். நீங்கள் சர்ஃப் பலகையைத் தூக்கிக்கொண்டு போனால் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பதில்: கயிறும்_காற்றும்
கைட்டுக்கு அலையை விடக் கரைதான் முக்கியம். கயிறு மட்டும் 20, 25 மீட்டர். காற்று போகிற திசையில் சவுக்குத் தோப்பு, மின்கம்பி, கட்டுமரம், காய்கிற வலை எதுவும் இருக்கக் கூடாது. காற்று கரையோரமாகவோ சற்றுக் கரையை நோக்கிச் சாய்ந்தோ வீச வேண்டும். நேரே கடலுக்குள் தள்ளுகிற காற்றில் மீட்புப் படகு இல்லாமல் இறங்கவே இறங்காதீர்கள், அது எவ்வளவு கெட்டிக்காரரையும் கொண்டுபோய்விடும். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கு, தெற்கு என்று இரண்டு கரை இருப்பதால் பயிற்சியாளர் அன்றைய காற்றைப் பார்த்து இடம் மாற்றுவார். படகு இறக்குகிற இடத்தில் மீனவர்களிடம் கேட்டுவிட்டு விரியுங்கள், அவர்கள் பிழைப்புக்கு நடுவில்தான் நாம் விளையாடுகிறோம்.

விண்ட்சர்ஃபிங் நண்பருக்குக் கரையில் அவ்வளவு இடம் வேண்டாம், ஆனால் பலகைக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதால் முழங்கால் தண்ணீரில் தட்டும். அப்புறம், கைட் பள்ளி இருக்கிற அளவுக்கு இதற்கு இந்தப் பக்கம் வசதி இல்லை. பாய், பலகை வாடகைக்குக் கிடைக்குமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுக்கட்டும்.

பதில்: சோளகம்
பாஸ்போர்ட் இருந்தால் இங்கால, இலங்கைப் பக்கமும் பாருங்கோ. ஜூலையில் அறுகம்பேயில் அலை, கற்பிட்டியில் காற்று, இரண்டுக்கும் அதுதான் சீசன். ஆனால் ஒன்று கிழக்குக் கரை, மற்றது மேற்குக் கரை. காலையில் இங்கே, பின்னேரம் அங்கே என்று கனவு காணாதீங்கோ. அறுகம்பே மெயின் பாயிண்டில் அடியில் கல்லும் பவளப்பாறையும், கூட்டமும் கூட. புதிதாகப் பழகியவர்கள் வடக்கே விஸ்கி பாயிண்டுக்குப் போகலாம். வெலிகமவை யாரும் சொன்னால் நம்பாதீங்கோ, மணல் அடிதான், பழக நல்ல இடம்தான், ஆனால் அதற்கு நவெம்பர் முதல் ஏப்ரல் வரை.

பதில்: குமரிக்கரை
எங்கே போனாலும் ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு இறங்குங்கள். கள்ளக்கடல் (தூரத்துப் புயல்காற்று கிளப்பி, சொல்லாமல் கொள்ளாமல் வந்து சேரும் பேரலை) என்று போட்டிருந்தால் வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருந்தாலும் அலை திடீரென்று ஏறும். 2024 மே மாதம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் 5 மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் உயிரை விட்டார்கள்.

அண்ணாநகர்க்காரன்
நன்றி. அப்போது மூன்று நாள் கோவளம், மீதி ராமேஸ்வரம். நாலு நாளில் கைட் வந்துவிடுமா?

கயிறும்_காற்றும்
பொதுவாக 8 முதல் 12 மணி நேரப் பயிற்சி வேண்டும். காற்று ஒத்துழைத்தால் பலகையில் ஏறிக் கொஞ்ச தூரம் போகலாம், காற்றுக்கு எதிராகத் திரும்பி வருவது கரையோரம் நடந்துதான். புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் நேராக ஊர் வரைக்கும் போகிறது, ராத்திரி ஏறினால் ஒரு பகல் மிச்சம்.