விளையாட்டு நடுவே அணைந்துவிடும் கன்சோல்: ரீபால் செய்யச் சொல்கிறார்கள், செய்யலாமா?

தேரிக்காட்டான்:
அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் திசையன்விளை பக்கம். கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய பழைய கன்சோல், வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொல்லவில்லை. சொன்னால் ரசிகர் சண்டை வந்து என் கேள்வி காணாமல் போய்விடும்.

சின்ன விளையாட்டுகள் போட்டால் பொழுதுக்கும் ஓடுகிறது. கனமான ஓபன் வேர்ல்டு கேம் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஃபேன் பேயாய் இரைகிறது, சூடு அதிகம் என்று திரையில் எழுத்து வருகிறது, அணைந்துவிடுகிறது. உடனே மறுபடி போட்டால் இன்னும் சீக்கிரமாக அணைகிறது. ஆறவிட்டுப் போட்டால் ஓடும்.

இது போக, சில சாயங்காலங்களில் எழுத்து எதுவும் வராமல் பட்டென்று போய்விடுகிறது. மெனுவில் சும்மா நிற்கும்போதுகூட அப்படிப் போயிருக்கிறது.

திருநெல்வேலியில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "சிப்புக்கு அடியில சால்டர் விட்டிருக்கும், ரீபால் பண்ணணும், நாலாயிரம் ஆகும்" என்கிறார். சிப்பைக் கழற்றி, அதைப் போர்டோடு ஒட்டியிருக்கிற சால்டர் (பற்று ஈயம்) உருண்டைகளைப் புதிதாக வைப்பதுதான் ரீபாலாம். கொடுக்கலாமா?

சாந்திநகர் வாசி:
நாலாயிரம் எதுக்கு வே? மைக்ரோசாஃப்டின் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலில் கோளாறு காட்டும் சிவப்பு விளக்கு வந்தபோது துண்டைச் சுற்றி ஓடவிட்டே சரிசெய்தார்கள். சிப்பு மேல் ஹாட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) கொஞ்ச நேரம் காட்டுங்கள், சால்டர் உருகி ஒட்டிக்கொள்ளும்.

பாளை மெக்கானிக்:
தம்பி, அந்த ஹாட் கன் பக்கமே போக வேண்டாம்.

துண்டு வைத்தியம் அந்தக் காலத்தில் ஊருலகமெல்லாம் நடந்தது உண்மைதான். அப்படிப் பிழைத்தவை பெரும்பாலும் சில வாரத்தில் மறுபடி படுத்தன. 360 வந்தது 2005 நவம்பரில். மூன்று சிவப்பு விளக்குப் புகார் குவிந்ததால் 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் அந்தக் கோளாறுக்கு மட்டும் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டியது, 100 கோடி டாலருக்கு மேல் செலவுக் கணக்கும் எழுதியது. ரொம்ப காலம் எல்லோரும் சிப்புக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கிற சால்டர் உருண்டைகளைத்தான் குறை சொன்னோம். பின்னாளில் கம்பெனிக்காரர்களே சொன்னது வேறு: சிப்பு பொதிக்கு உள்ளேயே இருக்கிற நுண்ணிய இணைப்புகள், சூடாகி ஆறிச் சூடாகி ஆறி விரிசல் விட்டிருக்கின்றன. வெளியே உருண்டையை மாற்றினால் உள்ளே இருக்கிற விரிசல் எப்படிப் போகும்? சூடு காட்டும்போது உலோகம் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். கடைக்காரர் காசு வாங்கும் வரைக்கும் தாங்கும்.

உங்கள் பெட்டிக்கு அந்த நோய் இருப்பதாகவே தெரியவில்லை. சிப்பு இணைப்பு விட்டிருந்தால் பெரும்பாலும் படம் கட்டம் கட்டமாக உடையும், இல்லையென்றால் உயிரே வராது. உங்களுடையது ஆறினால் ஓடுகிறது, சின்ன விளையாட்டுக்கு அசைவதே இல்லை. சூடு வெளியே போக வழியில்லாமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைகிறது. பெட்டி எந்த அறையில், எப்படி இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.

கல்லிடை அக்கா:
மெக்கானிக் அண்ணாச்சி சொன்னது முதல் கோளாறுக்குச் சரி. பட்டென்று போவது வேறு கோளாறு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எழுத்து காட்டி அணைந்தால் கன்சோல் யோசித்து அணைகிறது. எழுத்தே இல்லாமல் போனால் அதற்கு யோசிக்க நேரமே கிடைக்கவில்லை, கரண்ட் அறுந்திருக்கிறது. பவர் சப்ளையில் சேர்ந்திருக்கிற மின்சாரம் ஒரு நொடியில் நூறில் ஒன்றிரண்டு பங்குக்குத்தான் தாங்கும். பக்கத்தில் மோட்டார் போடுகிறார்களா? மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அந்த நேரம் வோல்டேஜ் இறங்கும். ஆனால் மெனுவில் நிற்கும்போது கன்சோலுக்கு லோடே குறைவு, கொஞ்சம் இறங்கினாலும் தாங்க வேண்டும். அதனால் எனக்கு முதல் சந்தேகம் பிளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல்தான். கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? பின் கருத்திருக்கிறதா?

தேரிக்காட்டான்:
அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே பிளக் சுட்டது. டிவி, மோடம், கன்சோல் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இருக்கின்றன, கன்சோல் பிளக் அதில் லொடலொடவென்று ஆடுகிறது. பக்கத்து வாழைத்தோட்டத்தில் சாயங்காலம் மோட்டார் ஓடுவதும் உண்மை.

அண்ணாச்சி, கன்சோல் டிவி ஸ்டாண்டுக்கு உள்ளே இருக்கிறது. தூசி படாமல் இருக்க அம்மா மேலே துணி போட்டு மூடுவாள். ஆனி ஆடிக் காற்றில் வீடு முழுக்கத் தேரி மண்தான், ஜன்னலைச் சாத்தினாலும் நிற்காது.

பாளை மெக்கானிக்:
தேரி மண்ணா! அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. செம்மண் பொடி ஹீட் சிங்க் (சிப்புச் சூட்டை வாங்கி வெளியே விடும் உலோகத் தொகுதி) தகடுகளுக்கு நடுவில் போய் அடைத்துக்கொண்டால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் காற்று தாண்டாது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு நேரம் கொடுத்துத் திறங்கள். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருக்கும், நடுவில் குமிழ் இருந்தால் ஓட்டை உள்ள பிட் கேளுங்கள். பவர் சப்ளை தனிப் பெட்டியாக இருக்கும், அதை மட்டும் திறக்கவே கூடாது. பிளக் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும். பெயின்ட் பிரஷ் போதும், கையால் ஊதும் பிளோயர் இருந்தால் இன்னும் நல்லது. பங்க்சர் கடைக் காற்றை மட்டும் அடித்துவிடாதீர்கள், அதில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றினால் அதன் பேரிங் போய்விடும்.

அப்புறம் ஹீட் சிங்கைக் கழற்றினால் பழைய தெர்மல் பேஸ்ட் (சிப்புச் சூட்டை ஹீட் சிங்குக்குக் கடத்தும் பசை) காய்ந்து பொருக்காக இருக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துணி நனைத்துத் துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். கை கழுவும் சானிடைசர் ஆகாது, அதில் கிளிசரின் இருக்கும். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: பிளேஸ்டேஷன் 5-ல் பேஸ்டுக்குப் பதில் திரவ உலோகம் வைத்திருக்கிறார்கள். அது போர்டில் சிந்தினால் ஷார்ட்தான். அதன் ஹீட் சிங்கை வீட்டில் கழற்ற வேண்டாம், தூசி மட்டும் எடுங்கள்.

உவரி ரசிகன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் கன்ட்ரோலரில் கை வைக்காமலே ஆள் இடது பக்கம் நடக்கிறான். இதுவும் தூசியா?

பாளை மெக்கானிக்:
தூசியாகவும் இருக்கலாம், கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றாகவும் இருக்கலாம். பெரும்பாலும் குச்சிக்கு அடியில் இருக்கிற கரிப்பட்டை தேய்ந்திருக்கும். கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நாள் ஓடும். தேய்ந்தது வளராது, குச்சித் தொகுதியையே மாற்ற வேண்டும். காந்தத்தால் வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் குச்சி உங்கள் மாடலுக்குக் கிடைத்தால் அதையே போடுங்கள், அதில் தேய்வதற்குப் பட்டை கிடையாது. மீதியைத் தனி இழையில் கேளுங்கள் வே.

தேரிக்காட்டான்:
திறந்தாயிற்று. ஹீட் சிங்கில் செங்கல் பொடி மாதிரி பாளம் பாளமாக வந்தது, கூடவே காய்ந்த பல்லி ஒன்று. பேஸ்டும் மாற்றினேன். அதே கனமான கேமை வெகுநேரம் ஓடவிட்டேன், எழுத்து வரவில்லை, ஃபேன் சத்தமும் பாதிதான். கன்சோலைச் சுவர் சாக்கெட்டில் நேரடியாகக் கொடுத்துவிட்டேன், தோட்டத்து மோட்டார் கிளம்பியபோதும் அணையவில்லை. இனி ஸ்டெபிலைசர் வாங்க வேண்டுமா அக்கா?

கல்லிடை அக்கா:
கன்சோலுக்கு அடியில் இருக்கிற லேபிளைப் பாருங்கள். 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் லோ வோல்டேஜுக்காக வாங்க வேண்டாம். பயப்பட வேண்டியது ஹை வோல்டேஜுக்குத்தான். கம்பத்தில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) விட்டுப் போனால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரைக்கும் ஏறலாம், சாதாரண ஸ்பைக் பாக்ஸ் அதைத் தடுக்காது. ஹை வோல்டேஜில் தானே துண்டிக்கும் கட் ஆஃப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு லைட் மங்கி இன்னொன்று பளிச்சென்று எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு லைன்மேனைக் கூப்பிடுங்கள். அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தூக்கிப் போடுங்கள், டிவிக்குக்கூட வேண்டாம்.

பாளை மெக்கானிக்:
துணியையும் எடுக்கச் சொல்லுங்கள் தம்பி. அணைத்து ஆறிய பிறகு அம்மா மூடிக்கொள்ளட்டும்.