எங்க எலிமென்டரி ஸ்கூலை மூடப் போறாங்களாம், போர்டு மீட்டிங்ல நாம போய் பேசலாமா?

டாலஸ்_மைனா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டாலஸுக்கு வடக்க இருக்கோம், எந்த ஐ.எஸ்.டி.ன்னு (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்னு) இங்க போடல, தப்பா எடுத்துக்காதீங்க. பையன் செகண்ட் கிரேடு. போன வியாழக்கிழமை டிஸ்ட்ரிக்ட்ல இருந்து மெயில் வந்துச்சு, பிள்ளைங்க எண்ணிக்கை வருஷா வருஷம் குறையுது, கட்டடமும் பழசு, அதனால எங்க ஸ்கூலையும் இன்னும் ரெண்டு ஸ்கூலையும் மூடறதைப் பத்தி யோசிக்கறோம்னு. அப்படி மூடினா பையன் போகவேண்டிய ஸ்கூல் ஒன்னரை மைல் தள்ளி, ஆறு லேன் ரோட்டுக்கு அந்தப் பக்கம்.

எங்க வீட்ல கார் ஒன்னுதான், அவர் காலைல ஆறரைக்கே எடுத்துட்டு கிளம்பிடுவார், எனக்கு இன்னும் லைசென்ஸ் வரல. இப்ப ஸ்கூல் எட்டு நிமிஷ நடை. அத்தை ஊர்ல இருந்து வந்ததுல இருந்து அவங்கதான் கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றாங்க. முக்குல மஞ்சக் கோட்டு போட்டு ஸ்டாப் போர்டு பிடிச்சு நிக்கற அம்மா ஒருத்தங்க இருக்காங்க, அத்தையைப் பார்த்தா கை ரெண்டையும் கூப்பி கும்பிடுவாங்க. அத்தைக்கு இங்கிலீஷ் வராது, அவங்களுக்கு தமிழ் தெரியாது, ஆனாலும் தினம் ரெண்டு நிமிஷமாவது நின்னு பேசிட்டுதான் வருவாங்க. ஸ்கூல் போயிடும்னு சொன்னதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, அந்தம்மாவுக்கு வேலை போயிடுமான்னுதான்.

அடுத்த வாரம் போர்டு மீட்டிங் இருக்கு, டிஸ்ட்ரிக்ட்டை நடத்தறதுக்கு ஓட்டு போட்டு எடுத்த குழுவோட கூட்டம். நாங்க எச்1பி, ஓட்டு கிடையாது, வாடகை வீடு. எங்களை மாதிரி ஆளுங்க அங்க போய் பேசலாமா, பேசினா விசாவுக்கு ஏதாவது வருமா, அதையும் மீறி பேசினா யாராவது காது குடுத்து கேப்பாங்களா இல்ல எல்லாம் ஏற்கனவே முடிவு பண்ணிட்டாங்களா? ஸ்கூல் வாட்ஸாப் குரூப்ல 200 பேர் அழற எமோஜி போட்டிருக்காங்க, வர்றேன்னு சொன்னவங்க நாலு பேர்தான்.

பிளேனோ_அண்ணாச்சி:

தங்கச்சி, கண்டிப்பா போ. மீட்டிங்ல பேச சிட்டிசனா இருக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. ஓட்டு போடறதுக்கும் ட்ரஸ்டியா, அதாவது போர்டு மெம்பரா, நிக்கறதுக்கும்தான் சிட்டிசன்ஷிப் வேணும். எங்க டிஸ்ட்ரிக்ட்ல பேரு, அட்ரஸ், எதைப் பத்தி பேசறேன்னு மட்டும்தான் பேசறதுக்குப் பேர் குடுக்கற ஃபார்ம்ல கேப்பாங்க, விசா பத்தி ஒரு வரி இருக்காது. வாடகை வீடுன்னு தயங்காத, வீட்டு ஓனர் கட்டற ப்ராபர்ட்டி டாக்ஸ் உன் வாடகைல இருந்துதான் போகுது, அதுல பெரிய பங்கு ஸ்கூலுக்குத்தான்.

இங்க பிளேனோல 2024 ஜூன்ல டேவிஸ், ஃபோர்மன்னு ரெண்டு எலிமென்டரி, ஆம்ஸ்ட்ராங், கார்பென்டர்னு ரெண்டு மிடில், மொத்தம் நாலு ஸ்கூலை மூடறதுன்னு போர்டு ஓட்டு போட்டுச்சு. ஒரு காலத்துல 55,000 பிள்ளைங்களுக்கு மேல படிச்ச டிஸ்ட்ரிக்ட், 48,000 பக்கம் இறங்கிடுச்சு. வீட்டு விலை ஏறிப் போய் சின்னப் பிள்ளைங்க வச்சிருக்கறவங்க இன்னும் வடக்க தள்ளிப் போயிட்டாங்க, பிள்ளைங்க வளர்ந்தவங்க அதே வீட்லயே இருக்காங்க, அப்புறம் எலிமென்டரிக்கு பிள்ளைங்க எங்கிருந்து வரும்? அதனால எண்ணிக்கை குறையலன்னு வாதாடப் போகாத, அவங்க கைல கணக்கு இருக்கும். நீ பேசவேண்டியது அந்த ஆறு லேன் ரோடு.

ஏன்னா டெக்ஸாஸ்ல 2 மைலோ அதுக்கு மேலயோ தூரம் இருக்கற பிள்ளைங்களுக்குத்தான் பஸ்ஸுக்கு ஸ்டேட் காசு வரும். உன் பையனுக்கு ஒன்னரை மைல், அப்ப பஸ் கிடைக்காமப் போக வாய்ப்பு அதிகம். ஆனா நடக்கறதுக்கு ஆபத்தான ரூட்டுன்னு போர்டே தீர்மானம் போட்டா 2 மைலுக்குள்ள இருந்தாலும் பஸ் விடலாம், அதுக்கும் ஸ்டேட்ல தனியா பணம் உண்டு. பேசும்போது இதைத்தான் கேக்கணும், எங்க ஸ்கூலை மூடறதா இருந்தா அந்த ரூட்டை அந்த லிஸ்ட்ல சேர்ப்பீங்களான்னு. ஸ்கூலை விடவே மாட்டோம்னு மட்டும் நின்னா ஓட்டு எதிரா போற அன்னிக்கு வெறுங்கையோட திரும்பி வரணும்.

இன்னொன்னு, அஜெண்டாவை குறைஞ்சது மூணு வேலை நாள் முன்னாடி போட்டாகணும், அதுல உங்க விஷயம் எந்த நம்பர்ல இருக்குன்னு பார்த்துக்கோ. அஜெண்டால இருக்கற விஷயத்துக்கு ஓட்டு எடுக்கறதுக்கு முன்னாடி உன்னைப் பேச விட்டே ஆகணும், 2019ல வந்த சட்டம் இது. அஜெண்டால இல்லாததைப் பேசினா அவங்க வாயே திறக்க மாட்டாங்க, உடனே மதிக்கலன்னு நினைச்சுக்காத, லிஸ்ட்ல இல்லாததை விவாதிக்க அவங்களுக்கு அனுமதி கிடையாது.

ஆலன்_வாசி:

அண்ணாச்சி சொல்றதெல்லாம் சரிதான், ஆனா எனக்கு வயிறு எரியுது. இங்க ஆலன்ல 60 மில்லியன் டாலர்ல 18,000 பேர் உக்கார்ற ஃபுட்பால் ஸ்டேடியம் 2012ல திறந்தாங்க, ரெண்டே வருஷத்துல கான்கிரீட்ல விரிசல்னு மூடி 2015லதான் மறுபடி திறந்தாங்க. அதுக்கெல்லாம் காசு இருக்கு, 300 பிள்ளைங்க படிக்கற எலிமென்டரிக்கு கரண்ட் பில் கட்ட காசு இல்லையா? எங்க பக்கம் ஒவ்வொரு தேர்தலுக்கும் பாண்டு பாண்டுன்னு, அதாவது கடன் வாங்க ஓட்டு போடுங்கன்னு, வந்து நிக்கறாங்க. மைனா சிஸ்டர், இதை மைக்ல கேளுங்க.

பிளேனோ_அண்ணாச்சி:

தம்பி, கோவம் நியாயம், ஆனா மைக்ல இதைக் கேட்டா ஒரே நிமிஷத்துல பதில் சொல்லி உக்கார வச்சிடுவாங்க. பாண்டு காசு தனிப் பெட்டி, அன்றாடச் செலவு தனிப் பெட்டி. பாண்டுல கட்டடம் கட்டலாம், பஸ் வாங்கலாம், டீச்சருக்கு சம்பளம் குடுக்க முடியாது. கஷ்டம் ரெண்டாவது பெட்டிலதான். ஒரு பிள்ளைக்கு ஸ்டேட் கணக்கு போடற அடிப்படைத் தொகை 2019ல 6,160 டாலர், ஆறு வருஷமா அதே 6,160, விலைவாசி எங்கயோ போயிடுச்சு, 2025லதான் 55 டாலர் ஏத்தினாங்க. சரி டாக்ஸ் ரேட்டை ஏத்திக்கறோம்னு பக்கத்து ஊர் ஃப்ரிஸ்கோல 2024 நவம்பர்ல ஓட்டுக்கு விட்டாங்க, ஜனங்க வேணாம்னுட்டாங்க. கேள்வி ஆஸ்டின்ல ஸ்டேட் சட்டம் போடறவங்களைப் பார்த்தும் கேக்கணும். போர்டுல இருக்கறவங்க சம்பளமே இல்லாம ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உக்கார்ற ஊர்க்காரங்க, அவங்க மேல மட்டும் பாயறதுல நியாயம் இல்ல.

க்ளாஸ்ரூம்_அக்கா:

நான் ஒரு எலிமென்டரில டீச்சர் எய்டா இருக்கேன், ஏழு வருஷமாச்சு. ஒன்னு சொல்றேன், கொஞ்சம் கசக்கும். டெக்ஸாஸ்ல காசு சேர்ந்த பிள்ளைங்க தலைக்கு வர்றதில்ல, தினசரி வருகைக் கணக்குல வருது. நம்ம ஆளுங்க டிக்கெட் விலை கம்மின்னு டிசம்பர் முதல் வாரமே ஊருக்கு கிளம்பிடறோம், ஜனவரி நடுவுல வர்றோம். நாலு வீடு அப்படிப் போனா வகுப்புல நாலு பெஞ்சு காலி, அத்தனை நாளும் ஸ்கூலுக்கு நஷ்டம். நானே அப்படி போயிருக்கேன், இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. தீபாவளிக்கு லீவு போடறது வேற, அதுக்கு முன்கூட்டியே லெட்டர் குடுத்துட்டா மதப் பண்டிகைன்னு சட்டப்படி வந்ததாவே கணக்கு, மார்க்ல கை வைக்க முடியாது. அந்த லெட்டரைக் கூட முக்கால்வாசிப் பேர் குடுக்கறதில்ல, உடம்பு சரியில்லன்னு மெசேஜ் போட்டுடறாங்க.

மைனா, உங்க கேள்விக்கு வர்றேன். உங்க அத்தையைக் கூட்டிட்டுப் போங்க, அவங்களையே பேச விடுங்க. தமிழ்லயே பேசட்டும், நீங்க பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க. மொழிபெயர்ப்பாளர் வச்சுப் பேசறவங்களுக்கு மத்தவங்களை விட ரெண்டு மடங்கு நேரம் குடுக்கணும்னு அண்ணாச்சி சொன்ன அதே 2019 சட்டத்துலயே இருக்கு. ஒருத்தருக்கு மூணு நிமிஷம்னா அத்தைக்கு ஆறு நிமிஷம். எங்க டிஸ்ட்ரிக்ட்ல ஒரு மெக்சிகோ பாட்டி ஸ்பானிஷ்ல பேசினதை நேர்ல பார்த்தேன், அதுவரைக்கும் லேப்டாப்பை பார்த்துட்டு இருந்த ஒரு ட்ரஸ்டி அதை மூடி வச்சிட்டு கேட்டார். ஆனா ஃபார்ம்லயே மொழிபெயர்ப்போட பேசறாங்கன்னு எழுதிடுங்க, முந்தின நாள் ஒரு போன் பண்ணி சொல்லிடுங்க.

டாலஸ்_மைனா:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி, படிச்சதும் தெம்பு வந்துச்சு. நேத்து சாயங்காலம் அத்தைக்கிட்ட சொன்னேன், முதல்ல ஐயையோ நான் எங்க பேசறதுன்னாங்க. காலைல பார்த்தா பையனை விட்டுட்டு வீட்டுக்கு வராம அந்தப் புது ஸ்கூல் வரைக்கும் தனியா நடந்து போயிட்டு வந்திருக்காங்க, நான் போன் மேல போன் பண்ணிட்டு இருந்தேன். போக மட்டும் நாப்பத்தஞ்சு நிமிஷம், நடுவுல ஒரு இடத்துல நடைபாதையே இல்லாம புல்லு மேல நடந்திருக்காங்க, ஆறு லேன் ரோட்டுல பச்சை மனுஷன் சிக்னல் பாதி ரோடு தாண்டறதுக்குள்ள அணைஞ்சு போச்சாம். எல்லாத்தையும் காலண்டர் தாள் பின்னாடி தமிழ்ல எழுதி வச்சிருக்காங்க, அதையேதான் படிக்கப் போறேன்னு சொல்றாங்க.

அஜெண்டா இன்னும் வரல, தினம் ரெண்டு தடவை பார்க்கறேன். வாட்ஸாப் குரூப்ல அந்தப் புல்லு வழியை போட்டோ எடுத்துப் போட்டேன், நாலு பேர் பதினொன்னு ஆயிருக்காங்க, ஒரு அக்கா வேன் வச்சிருக்காங்க, அன்னிக்கு எங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. அந்த சிக்னல் எத்தனை செகண்டுன்னு நாளைக்கு நானும் போய் போன்ல டைம் பார்த்துட்டு வந்து அத்தை தாள்ல சேர்க்கணும்.