குரிசுமலைக்குப் போன பையன் எப்போது பிஷப் ஆவான் என்று கேட்கிறவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் முழுக்க நம்ம ஊர்ச் சங்கத்துக் குழுவில் ஓடிய பேச்சை இப்போதுதான் உட்கார்ந்து படித்தேன். மேலத்தெருப் பையன் என்ஜினியரிங் முடித்த கையோடு கேரளாவில் குரிசுமலை ஆசிரமத்தில் சேர்ந்துவிட்டான், அவன் அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, அம்மா மாதா கோயிலே கதி என்று கிடக்கிறார், இதற்கு நடுவில் துபாய் அண்ணன் ஒருவர் ‘வருங்கால ஆயரே’ என்று ஃப்ளெக்ஸ் அடிக்கலாமா என்று கேட்கிறார். அண்ணே, வேண்டாம். அவன் ஏறியிருப்பது அந்த வண்டியே இல்லை.

நமக்குப் பழக்கமெல்லாம் புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டத்துச் சாமியார்கள்தான். செமினரி, குருப்பட்டம், உதவிப் பங்குத்தந்தை, அப்புறம் பங்குத்தந்தை, சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல். நாம் பஸ் நிறுத்தம் வரை போய் அழுதுவிட்டு அடுத்த சாமியாருக்கு மாலை வாங்குவோம். துறவு மடத்தில் மாற்றல் கிடையாது. சேருகிறவன் ஒரு வீட்டுக்கு என்று சேருகிறான், வாக்குக் கொடுத்துவிட்டால் பொதுவாகச் சாகிற வரை அதே வீடு, அதே ஆட்கள். எல்லாத் துறவிகளும் குருவாவதும் இல்லை, பலர் கடைசி வரை சகோதரர்களாகவே இருப்பார்கள், அதில் குறைச்சல் என்று யாரும் நினைப்பதில்லை.

அப்பாவுக்கு ஒரு ஆறுதல் சொல்லுங்கள். பையன் இன்னும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) ஆறாம் நூற்றாண்டில் எழுதிய, அவன் சேர்ந்த மடமும் பின்பற்றுகிற மட ஒழுங்கில் மொத்தம் 73 அதிகாரங்கள், அதில் 58-ஆவது இவனைப் போல வருகிறவர்களுக்கானது. வந்தவனைச் சுலபமாக உள்ளே விடாதே, நாலைந்து நாள் கதவைத் தட்டட்டும் என்று ஆரம்பிக்கிறது. பிறகு ஒரு வருஷத்துக்குள் மூன்று முறை இந்த ஒழுங்கை முழுக்க வாசித்துக் காட்டி, முடியும் என்றால் இரு, முடியாது என்றால் தாராளமாகப் போ என்று சொல்லச் சொல்கிறது. இன்றைக்கு அது இன்னும் நீளம். நவதுறவு என்கிற பயிற்சிக் காலம் இரண்டு வருஷம், அதற்குப் பிறகு தற்காலிக வாக்கு குறைந்தது மூன்று வருஷம், அதற்கும் பிறகுதான் நிரந்தர வாக்கு. நம்மூரில் இதைவிடச் சீக்கிரமாகக் கல்யாணத்தை முடித்துவிடுகிறோம்.

சரி, அங்கே பெரிய பதவி எது என்று கேட்டிருந்தீர்கள். மடாதிபதி. நம்ம கடலூர்க்காரர்களுக்கு மடமும் மடாதிபதியும் புதிதில்லை. திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் மடம் தெரியாதவர் உண்டா? அங்கே ஞானியார் அடிகள் பதினாறு பதினேழு வயதில் பட்டத்துக்கு வந்து, 1942-இல் மறையும் வரை இருந்தார். கத்தோலிக்கத் துறவிகளிடம் அந்த மாதிரி இளவயதுப் பட்டம் இல்லை. நிரந்தர வாக்குக் கொடுத்த துறவிகள் கூடி, ரகசிய ஓட்டுப் போட்டுத் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்கு மோதிரமும் செங்கோலும் கொடுத்து ஆயர் ஆசி வழங்குவார், ஆனால் அது ஆயர் பட்டம் இல்லை, ஆசி மட்டும்தான். ஆசீர்வாதப்பர் ஒழுங்கைக் கண்டிப்பாகப் பின்பற்றுகிற டிராப்பிஸ்ட் துறவு சபையில்தான் குரிசுமலை சேர்ந்திருக்கிறது, அதில் 75 வயதானால் மடாதிபதி ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு எங்கே போவார்? பொதுவாக எங்கேயும் போகமாட்டார். அதே மடத்தில் சாதாரணத் துறவியாக, நேற்று வரை தான் அதிகாரம் செய்தவருக்கே கீழ்ப்படிந்து இருப்பார். சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் கவனிக்க.

அந்த நாற்காலி ஒன்றும் சொகுசும் இல்லை. ஆசீர்வாதப்பரையே முதலில் ஒரு மடத்தார் வலியக் கூப்பிட்டுத் தலைவராக்கினார்கள். கண்டிப்பு தாங்காமல் திராட்சை மதுவில் விஷம் கலந்து கொடுத்தார்கள். அவர் சிலுவை அடையாளம் போட்டதும் கிண்ணம் உடைந்தது, எழுந்து போய்விட்டார் என்று பாப்பரசர் பெரிய கிரகோரியார் எழுதியிருக்கிறார். இவ்வளவு பட்டவர் பிறகு எழுதிய ஒழுங்கில் மடாதிபதிக்கு என்ன சொல்கிறார் தெரியுமா? முக்கியமான விஷயம் என்றால் எல்லாரையும் கூப்பிட்டுக் கேள், சின்னவனுக்குக்கூட நல்ல யோசனை தோன்றும் என்கிறார். ஆளுவதைவிட உதவுவதைப் பார் என்கிறார்.

குரிசுமலையின் முதல் மடாதிபதி பிரான்சிஸ் ஆச்சாரியாவின் கதையைப் பையனின் அப்பாவுக்கு யாராவது சொன்னால் நல்லது. பெல்ஜியத்தில் ஈப்பர் ஊரில் 1912-இல் பிறந்தவர், சொந்தப் பெயர் மாயு. முதல் உலகப் போரில் இடிந்து தரைமட்டமான ஊர் அது. பெல்ஜியத்திலேயே ஸ்கூர்மோன் என்ற டிராப்பிஸ்ட் மடத்தில் துறவியானார். அந்த மடம் 1862-இலிருந்து பீர் காய்ச்சுகிறது, உலகம் முழுக்க விற்கிறது. மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி நான் இதற்கு மேல் எழுதக் கூடாது. 1955-இல் இந்தியாவுக்கு வந்தார். வந்ததும் நேரே கேரளா போகவில்லை, குளித்தலை பக்கம் காவிரிக்கரையில் பிரெஞ்சுக்காரர்கள் இருவர் நடத்திய சாந்திவனம் என்ற ஆசிரமத்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, திருவல்லா ஆயர் அழைப்பில் அங்கே போனார். 1958 மார்ச்சில் பீட் கிரிபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவியும் இவருமாக வாகமண் பக்கத்து மலையில் ஏறினார்கள். காவி உடுத்தி, சைவம் சாப்பிட்டு, கிழக்குக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான சிரியாக்கின் வழிபாட்டு முறையில் ஜெபம் செய்தார்கள். பிழைப்புக்கு மாடு. கலப்பினப் பசு வளர்த்து, சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்கும் அதைப் பழக்கிவிட்டார்கள். பீர் மடத்திலிருந்து வந்தவர் பால் மடம் வைத்தார்.

கிரிபித்ஸ் 1968-இல் சாந்திவனத்துக்குக் கிளம்பிவிட்டார், புத்தகங்களால் உலகப் புகழும் பெற்றார். ஆச்சாரியா மாட்டுக்கொட்டகையோடும் சிரியாக் ஜெப ஏடுகளின் மொழிபெயர்ப்போடும் அந்த மலையிலேயே இருந்தார். 1998-இல்தான் குரிசுமலையை டிராப்பிஸ்ட் சபை முழு மடமாகச் சேர்த்துக்கொண்டது. மடாதிபதியானபோது அவருக்கு 86 வயது, 75 வயது விதியெல்லாம் அவரிடம் செல்லவில்லை. 2002 ஜனவரியில் இறந்தார். மலையேறி நாற்பது வருஷம் கழித்து வந்த பதவி அது, அதற்காக அவர் காத்திருந்த மாதிரியும் தெரியவில்லை. எனக்குப் பிடித்தது அந்த நாற்பது வருஷம்தான். நம்மில் யார் ஒரே இடத்தில் பத்து வருஷம் சேர்ந்தாற்போல இருந்திருக்கிறோம்?

டிசம்பரில் ஊருக்குப் போகிறவர்கள் யாராவது பையனின் அப்பா அம்மாவை ஒருமுறை அங்கே கூட்டிப்போங்கள். விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று ஒழுங்கிலேயே இருக்கிறது, தங்க இடம் கொடுப்பார்கள், ஆனால் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். கோட்டயம் வரை ரயில், அங்கிருந்து மலைக்கு பஸ். குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். அம்மாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: வஞ்சிரக் கருவாடு கட்டி எடுத்துக்கொண்டு போக வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள்.